குட்டி ஸ்கூபா டேங்க்கைக் கடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கும் முன்

போன கோடையில் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "ஏனுங்க மாமா, ஆன்லைன்ல போட்டது வந்துருச்சுங்க. இனி ஃபுட்வால்வு அடைச்சா ஆளைத் தேடிட்டு அலைய வேண்டியதில்லைங்க." ஃபுட்வால்வு என்பது கிணற்றுத் தண்ணீருக்குள் மோட்டார் பைப்பின் அடிமுனையில் இருக்கிற வால்வு. போய்ப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்கு ஓர் அலுமினிய உருளை, அரை லிட்டர் கொள்ளளவு, தலையில் வாயில் கடிக்கிற ரப்பரோடு, மூச்சுக்குத் தக்கபடி காற்றை விடுகிற ஒரு ரெகுலேட்டர், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கேஜ். கூடவே சைக்கிள் பம்புக்கு அண்ணன் மாதிரி ஒரு கைப்பம்பு. பெட்டியில் "பத்து நிமிடம்" என்று போட்டிருந்தது.

நான் புதுச்சேரியில் முறையாக ஸ்கூபா (காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்குவது) பழகியவன், பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிணற்று மேட்டில்தான். இரண்டும் தெரிந்ததால் ஒன்றைச் சொல்கிறேன். இந்தச் சாமானில் அதிக ஆபத்து நீச்சல் தெரியாதவனுக்கு இல்லை. சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகி, பன்னிரண்டு வயதில் அடி மண்ணைத் தொட்டு எடுத்து வந்து காட்டியவனுக்குத்தான். அவன் உடம்பில் ஊறிப்போன பழக்கம் ஒன்று இருக்கிறது: தண்ணீருக்குள் போனால் தம் கட்டுவது.

மேலே மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிறீர்கள். நுரையீரலில் ஆறு லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 33 அடி ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி அது மூன்று லிட்டராகச் சுருங்கும், மேலே வரும்போது பழையபடி ஆறு. கணக்கு நேர், ஒன்றும் ஆகாது. இப்போது அதே ஆழத்தில் டேங்க்கிலிருந்து ஒரு முழு மூச்சு இழுத்துத் தம் கட்டி மேலே ஏறினால், ஆறு லிட்டர் பன்னிரண்டாக விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு தாங்காது, கிழியும். கிழிந்த வழியாகக் காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்தவன் மாதிரி ஆள் சாய்ந்துவிடுவான். 33 அடியெல்லாம் வேண்டியதில்லை, முழு மூச்சோடு நான்கு அடி ஏறினாலே இது நடக்கலாம். மாட்டுத் தொட்டியைவிடக் கொஞ்சம் ஆழம், அவ்வளவுதான்.

ஆகவே முதல் பாடம், ஒரே பாடம் என்றுகூடச் சொல்லலாம்: டேங்க் வாயில் இருக்கும்வரை மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இழு, விடு, இழு, விடு. காற்று தீர்ந்துபோனாலோ ரப்பர் வாயிலிருந்து நழுவினாலோ "ஆ..." என்று சொல்லிக்கொண்டே, காற்றை விட்டுக்கொண்டே மேலே வாருங்கள். ஏறுகிற வேகம் நிமிடத்துக்கு முப்பது அடிக்கு மேல் வேண்டாம், அதாவது வினாடிக்கு அரை அடி. கண்ணால் பார்த்தே ஒரு கணக்கு வேண்டுமென்றால், நீங்கள் விட்ட குமிழியிலேயே பொடிசான குமிழியை முந்தாதீர்கள். படித்தால் சுலபம். மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்கும்போது கேஜ் முள் சிவப்பைத் தொட்டால், உடம்பு கேட்காது. பழைய புத்திதான் வரும்: வாயை மூடு, காலை உதை, மேலே பாய்.

அடுத்து, அந்தப் பத்து நிமிடத்தைப் பார்ப்போம். பார் என்பது அழுத்தத்தின் அளவு, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். அரை லிட்டர் டேங்க்கை 200 பார் வரை நிரப்பினால் உள்ளே இருப்பது 100 லிட்டர் காற்று. கட்டிலில் படுத்திருப்பவனுக்கு அது பத்து நிமிடம் வரலாம். கிணற்றுக்குள் ஸ்பேனரோடு மல்லுக்கட்டுகிறவன் நிமிடத்துக்கு முப்பது லிட்டராவது இழுப்பான். அதுவும் பதினாறு அடியில் அழுத்தம் ஒன்றரை மடங்கு என்பதால் டேங்க்கிலிருந்து போவது 45 லிட்டர். மேலே நிதானமாக வருவதற்கு 70 பார் மீதம் வைத்தால், கீழே இறங்குவதும் வேலை செய்வதும் சேர்த்து உங்கள் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம்! ஒரு லிட்டர் டேங்க் என்றால் இரட்டிப்பு, அதே ஆழத்தில் மூன்று நிமிடம். நான் முதுகில் மாட்டிப் பழகிய வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளும், அதில் 2,200 லிட்டர் காற்று இருக்கும். ஒன்று தண்ணீர் லாரி, இன்னொன்று சொம்பு.

சொம்புக்கும் வேலை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஸ்கூபா பழகியவர்கள் பெரிய சிலிண்டரில் கோளாறு வந்தால் மேலே வந்து சேர்வதற்கு மட்டும் இப்படி ஒரு குட்டியைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். கடல்மேல் பறக்கும் ஹெலிகாப்டர் ஊழியர்கள் இடுப்பில் வைத்திருப்பதும் இதே ஜாதிதான், ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் வெளியே வருகிற அந்த ஒரு நிமிடத்துக்கு. நீச்சல் குளத்தில் உடைந்த டைல் பார்க்க, படகுக்கு அடியில் சுற்றிய கயிற்றை அறுக்க, பத்தடித் தண்ணீரில் விழுந்த சாவியை எடுக்க உதவும். ஆனால் அதற்கும் மூச்சுப் பாடம் ஒருவரிடம் நேரில் பழகியிருக்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதும் கொடிவேரியிலும் பவானிசாகரிலும் இதை வைத்து வித்தை காட்டலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். இழுப்புத் தண்ணீருக்கு உங்கள் டேங்க் ஒரு பொருட்டே இல்லை.

நிரப்புவதுதான் அடுத்த வில்லங்கம். 200 பார் என்றால் 2,900 பி.எஸ்.ஐ. கார் டயரில் 32. சி.என்.ஜி. காருக்கு ஏற்றுகிற அழுத்தமும் இதே 200 பார்தான், அதை நீங்கள் பல்லில் கடித்துக்கொண்டு போகிறீர்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்து பார் தொட்டாலே பெரிது, ஆகவே அங்கே நிரம்பாது. போர் தண்ணீர் ஏற்றத் தோட்டத்தில் ஓடுகிறதே, அந்தக் கம்ப்ரசரும் ஆகாது. அதிலிருந்து ஹோஸ் இழுத்து மூச்சு விடலாமே என்று மச்சினன் கேட்டான். அது தண்ணீர் ஏற்ற வந்த மிஷின். ஆயில் ஆவியையும் சூடேறினால் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துத் தரும், அழுத்தத்தில் அந்த விஷம் இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும்.

ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதிலிருந்தும் ஏற்றாதீர்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் துளி கிரீஸ் பட்டாலே தீப்பிடிக்கும், அதோடு இருபது அடிக்குக் கீழே சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு என்றால் அத்தோடு சரி. வெல்டிங் பட்டறை கேஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மீதி கைப்பம்பு. ஒரு குத்துக்கு நூறு, நூற்றைம்பது மில்லி காற்று உள்ளே போகிறது என்றாலும், 100 லிட்டருக்கு எழுநூறிலிருந்து ஆயிரம் குத்து வேண்டும். கடைசி நூறில் தோள் கழன்றுவிடும். நடுநடுவே நிறுத்தி பம்பை ஆறவிடுங்கள், ஈரம் வடியும் திருகைத் திறந்து விடுங்கள், பில்டர் பஞ்சு நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். பம்பு அடிக்கிற இடத்தில் ஆயில் இன்ஜின் ஓடக்கூடாது, விறகடுப்பு எரியக்கூடாது. அந்தப் புகையைத்தான் கீழே போய்ச் சுவாசிப்பீர்கள். பம்பு இறுக்கமாக இருக்கிறதென்று தேங்காயெண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள், சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில்.

டேங்க்கை வாங்கும்போதே கழுத்தைப் பாருங்கள். வேலை அழுத்தம், சோதனை அழுத்தம் (பெரும்பாலும் அது ஒன்றரை மடங்கு, 300 பார்), தயாரித்த மாதம், வரிசை எண், இத்தனையும் உலோகத்தில் குத்தியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். 500 மில்லிக்கு மேல் கொள்ளும் அழுத்தச் சிலிண்டர்களுக்கு நம் நாட்டில் 2016ஆம் வருட கேஸ் சிலிண்டர் விதிகள் உண்டு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) கவனிக்கிறது. சரியாக அரை லிட்டரில் இத்தனை டேங்க் விற்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ சந்தேகம்தான். விதிக்குள் வராவிட்டாலும் உள்ளே இருப்பது அதே 200 பார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை, வருடம் ஒருமுறை உள்பக்கம் துரு, கீறல் பார்ப்பது என்பது ஸ்கூபாக்காரர்களின் வழக்கம். இதற்கும் அதுவே.

நம் ஊருக்கென்று ஒரு வியாதி இருக்கிறது, கோயம்புத்தூர்க்காரன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். எது பழுதானாலும் லேத்தில் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. பம்பு செட்டுக்கு அது சரி. டேங்க் கழுத்தில் மரை தேய்ந்தால் மறுபடி மரை போடுவது, பெயின்ட் போனால் பவுடர் கோட்டிங் அடுப்பில் விடுவது, தீயணைப்பு சிலிண்டரை வெட்டி டேங்க் ஆக்குவது, இதெல்லாம் வேண்டாம். அடுப்புச் சூடு அலுமினியத்தின் உறுதியைக் கெடுத்துவிடும், வெளியே பளபளவென்று இருக்கும். அதேபோல் நிரப்பிய டேங்க்கைச் சித்திரை வெயிலில் காருக்குள் போட்டுப் பூட்டாதீர்கள். 25 டிகிரியில் 200 பார் இருந்தது 65 டிகிரியில் 227 ஆகும்.

இத்தனைக்கும் பிறகு கிணற்றில்தான் இறங்குவேன் என்றால், முதலில் கரண்ட். ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதாது. மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டாத தோட்டம் இன்றைக்கு அபூர்வம். செல்போனில் ஓட்டுகிற ஸ்டார்ட்டர் வேறு, வீட்டில் உட்கார்ந்து யாரோ ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் தீர்ந்தது. மெயினை இறக்கி, பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி, இறங்குகிறவன் தன் சட்டைப் பையில் போட்டுச் சட்டையைக் கழற்றி மேலே நிற்கும் ஆள் கையில் கொடுக்க வேண்டும். ஃபுட்வால்வில் கை வைத்திருக்கும்போது மோட்டார் ஓடினால் கையை விடாது.

மேலே ஆள் கட்டாயம். இடுப்பில் கயிறு, ஓர் இழுப்பு "நலம்", தொடர்ந்து இழுத்தால் "தூக்கு". இந்த இரண்டு போதும், அதிகம் வைத்தால் மறந்துவிடும். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி வேண்டாம், மூக்கையும் மூடுகிற மாஸ்க் வேண்டும். கண்ணாடிக்குள் காற்றைச் சமன் செய்ய வழி இல்லை, ஆழத்தில் அது கண்ணை உறிஞ்சி ரத்தம் கட்டிவிடும். காது வலித்தால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், விடவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. முதலில் தோட்டத்துத் தொட்டியில் பழகுங்கள், ரப்பரை வாயிலிருந்து எடுத்து மறுபடி வைத்து ஊதித் தண்ணீரை வெளியேற்றுவது உட்பட. நின்றால் தலை வெளியே தெரிகிற தொட்டிதானே என்று தம் மட்டும் கட்டாதீர்கள், மேலே சொன்ன நான்கு அடி கணக்கு அங்கேயும் உண்டு.

தண்ணீர் வற்றி, இலைதழை மக்கி, வருடக்கணக்கில் யாரும் இறங்காத கிணறு என்றால் பேச்சே வேறு. அங்கே எதிரி தண்ணீர் இல்லை, காற்று. ஆக்சிஜன் குறைந்து விஷவாயு தேங்கியிருக்கும். லாந்தரை இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கத்தை நம்பாதீர்கள், விளக்கு நின்று எரிகிற இடத்திலும் ஆளைச் சாய்க்கிற அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். உள்ளே ஒருவன் மயங்கினால் இந்த டேங்க்கை மாட்டிக்கொண்டு குதிக்காதீர்கள். இப்படித்தான் ஒருவன் பின்னால் ஒருவனாக மூன்று பேர் போவது. 101 அல்லது 112 அழையுங்கள். தீயணைப்புத் துறையினர் முதுகில் மாட்டுவது பெரும்பாலும் ஆறு லிட்டருக்கு மேல், 300 பார், முகம் மூடிய மாஸ்க்கோடு.

மேலே வந்தவனுக்கு அடுத்த சில நிமிடங்களில் நெஞ்சு வலி, எச்சிலில் ரத்தம், கை கால் மரப்பு, பேச்சுக் குழறல், எது வந்தாலும் மல்லாக்கப் படுக்க வைத்து 108. டாக்டரிடம் "கிணற்றில் முழுகிவிட்டான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அழுத்தக் காற்று டேங்க்கில் மூச்சு விட்டான் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சிகிச்சையே வேறு, அழுத்த அறை (காற்றழுத்தத்தை ஏற்றி உள்ளே வைத்துச் சிகிச்சை தருகிற அறை) வரை போக வேண்டியிருக்கும்.

மச்சினனோடு இந்தக் கணக்கையெல்லாம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து போட்டு முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒன்றரை நிமிடம் என்றதும் ஆள் கம்மென்று ஆகிவிட்டான். மறுநாள் செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து, நான்கு பேர் சேர்ந்து சக்ஷன் பைப்பையே மேலே தூக்கிவிட்டோம். ஃபுட்வால்வைக் கழற்றினால் உள்ளே தேங்காய் மட்டை நார் ஒரு கொத்து, அதில் ஒரு ஷாம்பு பாக்கெட். பைப்பை மறுபடி இறக்கி மாட்டும்போது மணி பதினொன்று. டேங்க் இப்போது அவன் வீட்டுப் பரணில் இருக்கிறது, கேஜில் முள் பூஜ்யத்தில்.