ஸ்வீட் கார்னில் ஊதா மணிகள்: காரணம் கண்டுபிடிக்கும் முறை

மடலை உரித்தால் மஞ்சள் மணிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா. விதை விற்றவரைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

1. முதலில் பூஞ்சணமா என்று பாருங்கள். மணிகளுக்கிடையே வெள்ளை, இளஞ்சிவப்புப் பஞ்சோ பச்சைப் பொடியோ இருந்தால் கதிரையே எறிந்துவிடுங்கள். மணி சாம்பல் நிறத்தில் உப்பியிருந்தால் கரிப்பூட்டை என்ற பூஞ்சண நோய். வெடித்துப் பொடி சிந்துமுன் அகற்றுங்கள்.

2. மணி பளபளப்பாக, வாசனை மாறாமல் இருந்தால், ஒன்றை எடுத்து நகத்தால் தோலை உரியுங்கள். தோல் கண்ணாடி போல வந்து, அடியில் ஊதா தெரிந்தால் அது பெரும்பாலும் வேற்று மகரந்தத்தின் வேலை. பக்கத்தில் பல நிற மணிகள் கொண்ட ரெயின்போ சோளம் இருக்கிறதா? தோலே சிவப்பென்றால் மகரந்தத்தைக் குறை சொல்ல முடியாது. தோல் தாய்ச்செடியுடையது, கதிர் முழுக்க அப்படித்தான் இருக்கும். சொந்த விதை போட்டவர்களுக்கு இரண்டுமே போன பருவத்துக் கலப்பாகவும் இருக்கலாம்.

கத்தரியில் எந்த மகரந்தம் விழுந்தாலும் அந்தக் காயின் நிறம் மாறாது. சோளத்தில் நாம் தின்பதே விதை. கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல்களில், ஒரு நூலுக்கு ஒரு மணி; ஒவ்வொன்றும் தனித்தனியே மகரந்தம் பெறும். அதனால்தான் கலப்பு அதே கதிரில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

ஊதாவைச் சாப்பிடலாம். உண்மையில் தொல்லை தருவது அக்கம்பக்கத்துத் தீவன மக்காச்சோளம்: நிறம் அதிகம் மாறாது, ஆனால் இனிப்புப் போய் மணி மாவாகிவிடும்.

3. அடுத்த முறை ஸ்வீட் கார்னும் பக்கத்து வேறு சோள வகையும் பூக்கும் நாட்களில் 2 வாரமாவது இடைவெளி விடுங்கள். மாடித்தோட்டத்தில் அது முடியாதென்றால் கைமகரந்தம்தான். பட்டு எட்டிப் பார்க்குமுன்பே இளங்கதிருக்குக் காகித உறை மாட்டுங்கள். பாலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்க்கும். ஈரத்தில் மகரந்தம் கட்டிப்போகும். பட்டு 3 முதல் 5 செ.மீ. நீண்டதும், மாலையில் உச்சியிலுள்ள ஆண் பூவுக்கும் உறை கட்டுங்கள். மறுநாள் பனி உலர்ந்தபின், 9 முதல் 11 மணிக்குள், பூவைச் சாய்த்து உறையோடு தட்டினால் மஞ்சள் பொடி சேரும். கதிரின் உறையை விலக்கி, பொடியைப் பட்டின்மேல் கொட்டி, உடனே மூடிவிடுங்கள்.

இதை 3 நாள் தொடருங்கள். அடிப்பக்க மணிகளின் பட்டு முதலில் வரும், நுனியுடையது கடைசியில். ஒரே நாளோடு நிறுத்தினால் நுனி பொக்கையாகும். பட்டு காய்ந்து பழுப்பானதும் உறையைக் கழற்றலாம்.

ஊதா மணிகளைத் தண்ணீரில் வேகவைத்தால் சாயம் இறங்கும். இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள்.