வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்க லைசென்ஸ் வேண்டுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வாடகை வீடு பார்த்துக் கொடுப்பவர்களில் பலர் முழுநேரத் தரகர்கள் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர், பால்காரர், வீட்டுக்காரரின் மச்சான் என்று யாராகவும் இருக்கலாம். இவர்களிடம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு இருக்கிறதா என்று கேட்பது வீண். 2016-ம் ஆண்டு ரெரா சட்டம் தரகர் என்று சொல்வது, பதிவான திட்டங்களில் மனையோ பிளாட்டோ விற்க, வாங்க உதவிக் கமிஷன் வாங்குபவரைத்தான். வாடகை அதில் வராது.

இதற்கு நேரெதிர் தவறும் நடக்கிறது. வாடகை வீடு காட்டும் அதே ஆள், ரெராவில் பதிவான மனைப்பிரிவில் ஒரு மனையையும் தள்ளிவிடப் பார்ப்பார். அதற்குப் பதிவு கட்டாயம். இல்லையென்றால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போகும்.

சரி, வாடகைக்கு என்னதான் பார்ப்பது? கையெழுத்தை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருப்பார், மன்னார்குடியில் மச்சான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸை வாங்கிக்கொள்வார். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் வீட்டுக்காரர் சார்பில் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரை ஏற்கிறது. ஆனால் அவருக்கு வீட்டுக்காரர் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். ‘போனில் சொல்லிவிட்டார்’ என்பது நாளைக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போது நிற்காது. பவர் பத்திரத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் எழுதியது என்றால் இந்தியத் தூதரகச் சான்று இருக்கிறதா, இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்) என்றால் வாடகையில் டி.டி.எஸ். எனும் வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு. இதை எந்தத் தரகரும் வாய் திறந்து சொல்வதில்லை.

‘11 மாதம்தானே, பதிய வேண்டாம்’ என்பது பழைய கணக்கு. அந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நகர்ப்புறங்களில் 11 மாத ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

டெல்டாவுக்கே உரிய சிக்கல் கோயில் அடிமனை. சன்னதித் தெருவில் வீட்டைக் காட்டி வாடகை பேசுபவரே கோயிலுக்கு வாடகைதாரராக இருப்பார். கட்டடம் அவருடையது, மண் கோயிலுடையது. கோயில் அலுவலகம் கொடுத்த ரசீது யார் பெயரில் இருக்கிறது, பாக்கி உண்டா, உள்வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே போய்க் கேட்டுவிடுங்கள். பாக்கிக்காகக் கோயில் நிர்வாகம் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பது நீங்கள்தான். நீண்ட காலக் குத்தகை என்று யாராவது ஆசை காட்டினால், 5 ஆண்டுக்கு மேல் போகும் கோயில் சொத்துக் குத்தகை அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது.

அப்புறம், நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்தால் அது காரைக்கால், புதுச்சேரி ஆட்சி. மேலே சொன்ன தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அங்கே செல்லாது. அங்கே வீடு எடுப்பவர் காரைக்கால் வக்கீல் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக்கொள்வது நல்லது.