சனசமூக நிலையத்துக்கு ஒரு ஃப்ரீபிஎஸ்டி சேர்வர்: கரண்ட் போனாலும் தானே எழும்ப

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனசமூக நிலையம். பின்னேரங்களில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் படிக்க வருவார்கள். ஒரே வினாத்தாளை ஆளுக்கொரு தடவை போனில் இறக்குவார்கள். நிலையத்து 4ஜி சிம்மில் உள்ள டேட்டா மாதம் முடியமுன்னமே தீர்ந்துவிடும். அதற்காகத்தான் மூலையில் கிடந்த 2 ஜிபி ராம் டெஸ்க்டொப் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) போட்டுக் கொடுத்தேன். வினாத்தாள்கள் அதிலேயே இருக்கும். இன்ரநெற்றும் அதன் வழியாகவே போகும்.

லினக்ஸில் செய்யலாமே என்றால், செய்யலாம். எனக்கு நெற்வேர்க் அமைப்பு முழுவதும் ஒரே கோப்பில் இருப்பது பிடிக்கும். இன்ரநெற்றின் அடிப்படை விதிமுறையான டிசிபி ஐபி பரவ வழிசெய்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பு 1983இல் வந்தது; அந்தப் பரம்பரையில் 1993இல் பிறந்தது ஃப்ரீபிஎஸ்டி. நெற்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சேர்வர்கள் ஓடுவதும் இதில்தான். நமக்குத் தேவை பதினைந்து போன்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: நிறுவுதல்

யூஎஸ்பியில் எழுதி பூட் பண்ணத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையைக் கேட்கும்போது, ராம் குறைவென்றால் இசட்எஃப்எஸ் வேண்டாம், யுஎஃப்எஸ் போதும். பயோஸுக்குள் போய், கரண்ட் திரும்பி வந்ததும் கணினி தானே இயங்கும்படி மாற்றிவிடுங்கள். வன்னியில் இதைச் செய்யாத சேர்வர் சும்மா ஒரு இரும்புப் பெட்டி.

படி 2: இரண்டு நெற்வேர்க் கார்ட்

ஒன்று 4ஜி ரவுட்டருக்கு, மற்றது உள்ளே, பிள்ளைகளின் போன்கள் பக்கம். லினக்ஸ் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் முழிப்பார்கள்: கார்ட்டின் பெயர் அதன் டிரைவரைப் பொறுத்தது. ரியல்டெக் என்றால் ஆர்இ0, இன்டெல் என்றால் பெரும்பாலும் இஎம்0. என்னிடம் ஆர்இ0 வெளியே, இஎம்0 உள்ளே. ரவுட்டர் 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுத்தால், உள்ளே அதே வரிசையைப் போடாதீர்கள். எந்தப் பக்கம் அனுப்புவதென்று சேர்வருக்குக் குழம்பிவிடும். நான் உள்ளே 10.20.30.1 போட்டேன்.

படி 3: ஆர்சி டொட் கொன்ஃப்

முதலில் சொன்ன அந்த ஒரே கோப்பு இதுதான். மெதுவாக வாசியுங்கள். நான் விழுந்த இடம் இது.

எல்லாம் சரியாக ஓடியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. போகிற அவசரத்தில், கணினிக்கு ஒரு வடிவான பெயர் வைப்போமென்று இந்தக் கோப்பைத் திறந்து ஹோஸ்ட்நேம் வரியை மாற்றினேன். முடிகிற இரட்டை மேற்கோள்குறியை விட்டுவிட்டேன். றீபூட் பண்ணவில்லை, ஓடிக்கொண்டிருந்த சேர்வரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் கரண்ட் போய் வந்தது. நிலையப் பொறுப்பாளர் போன் எடுத்தார்.

"தம்பி, கறுப்பா நிக்குது. ஏதோ இங்கிலீசில கேக்குது."

"என்ன எழுதியிருக்கெண்டு வாசியுங்கோ அண்ணை."

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஷெல்லின் முழுப் பாதையைக் கேட்கிறது. அதாவது, பூட் பாதியில் நின்று, திருத்துவதற்காக மட்டும் திறக்கும் சிங்கிள் யூசர் நிலை. ஆர்சி டொட் கொன்ஃப் உண்மையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளாக வாசிக்கப்படும் கோப்பு. ஒரு மேற்கோள்குறி குறைந்தாலும் பூட் ஆகும்போது முழுக் கோப்பும் தடக்கி நின்றுவிடும். கிளிநொச்சியிலிருந்து ஏ9ஆல் மாங்குளம், அங்கே பஸ் மாறி ஒட்டுசுட்டான். ஒரு குறிக்காக அரைநாள்.

உங்களுக்கும் இப்படி நடந்தால்: என்டர் தட்டுங்கள், முதலில் டிஸ்க்கைச் சோதிக்க "எஃப்எஸ்சிகே -வை". டிஸ்க் அப்போது வாசிக்க மட்டுமே திறந்திருக்கும், ஆகவே சேமிக்க விடாது. "மவுண்ட் -யு /" கொடுத்த பிறகுதான் "ஈஈ" எடிட்டரில் கோப்பைத் திருத்தலாம். திருத்தியதும் றீபூட்.

அதற்குப் பிறகு அந்தக் கோப்பை நான் கையால் தொடுவதில்லை. "சிஸ்ஆர்சி" என்ற கட்டளை மேற்கோள்குறியைத் தானே போடும்:

சிஸ்ஆர்சி இஃப்கொன்ஃபிக்_ஆர்இ0=டிஎச்சிபி
சிஸ்ஆர்சி இஃப்கொன்ஃபிக்_இஎம்0="ஐநெட் 10.20.30.1/24"
சிஸ்ஆர்சி கேட்வே_எனேபிள்=யெஸ்
சிஸ்ஆர்சி பிஎஃப்_எனேபிள்=யெஸ்

கையால்தான் எழுதுவேன் என்பவர்கள் "எஸ்எச் -என்" போட்டுக் கோப்பைச் சோதியுங்கள்; பிழையில்லையென்றால் பேசாமல் இருக்கும். எதைச் செய்தாலும், வீட்டுக்குப் போகமுன் ஒருதரம் றீபூட் பண்ணி, எழும்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 4: பிஎஃப்

இது ஓபன்பிஎஸ்டியிலிருந்து வந்த ஃபயர்வோல். ஐபிஎஃப்டபிள்யூவும் உண்டு, பிஎஃப் வாசிக்க இலகு. பிஎஃப் டொட் கொன்ஃபில் ஒரு வரி எழுதினால் பிள்ளைகளின் போன்கள் வெளியே போகும்:

நாட் ஒன் ஆர்இ0 ஐநெட் ஃபுரொம் இஎம்0:நெற்வேர்க் டு எனி -> (ஆர்இ0)

கடைசியில் ஆர்இ0ஐச் சுற்றியுள்ள அடைப்புக்குறிகளை விடாதீர்கள். ரவுட்டர் கொடுக்கும் முகவரி மாறினாலும் பிஎஃப் கூடவே மாறிக்கொள்வது அதனால்தான். "பிஎஃப்சிடிஎல் -என்எஃப்" போட்டுச் சோதித்தபின் தொடங்குங்கள். சேர்வரில் இன்ரநெற் வருகிறது, போனில் வரவில்லை என்றால் கேட்வே வரியை மறந்திருப்பீர்கள்.

படி 5: டிஎன்எஸ்மாஸ்க், என்ஜின்எக்ஸ்

முதலாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும்; இரண்டாவது வினாத்தாள்களைப் பிரவுசரில் காட்டும். இரண்டையும் "பிகேஜி இன்ஸ்டால்" போட்டு எடுக்கலாம். பிறகு நிறுவும் எல்லாவற்றின் அமைப்புக் கோப்புகளும் "யுஎஸ்ஆர் / லோக்கல் / ஈடிசி"க்குள் இருக்கும். வெறும் ஈடிசியில் தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள். டிஎன்எஸ்மாஸ்க்கில் இன்டர்ஃபேஸ் இஎம்0, முகவரிகள் 10.20.30.50 முதல் 10.20.30.200 வரை. என்ஜின்எக்ஸில் வினாத்தாள்களுக்குத் தனிக் கோப்புறை ஒன்றைக் காட்டி, கோப்புகளின் பட்டியல் தானே தெரிய "ஓட்டோஇன்டெக்ஸ் ஒன்" போடுங்கள். இரண்டுக்கும் சிஸ்ஆர்சியில் எனேபிள் கொடுக்க மறக்கவேண்டாம்.

பிற்சேர்க்கை: தமிழில் பெயரிட்ட கோப்புகள் பட்டியலில் சிதைந்து தெரிகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். என்ஜின்எக்ஸில் "சார்செற் யுடிஎஃப்-8;" வரியைச் சேருங்கள்.

இன்னொருவருக்கு வைஃபையில் முகவரியே கிடைக்கவில்லை. பழைய ரவுட்டரை வைஃபைக்கு வைத்தால், சேர்வரிலிருந்து வரும் கேபிளை அதன் லான் துளையில் செருகி, அதன் சொந்த டிஎச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்திவிடுங்கள்.

கனடாவிலிருந்து ஒரு அண்ணா, அங்கிருந்தே கோப்புகளை ஏற்ற முடியுமா என்று கேட்டார். 4ஜி ரவுட்டருக்கு 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால் நேரே முடியாது. அந்த முகவரிக்கு மேலே சிம் நிறுவனத்தின் நாட் (பலரை ஒரே முகவரியில் வெளியே அனுப்பும் ஏற்பாடு) இன்னொன்று நிற்கிறது. ரவுட்டரின் அமைப்பில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பலனில்லை. வெளியே வாடகைக்கு ஒரு சிறு சேர்வர் எடுத்து, இங்கிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பைக் கட்ட வேண்டும். 2023இல் வந்த 13.2 பதிப்பு முதல் வயர்கார்ட் ஃப்ரீபிஎஸ்டி கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதுவரை அண்ணா வாட்ஸப்பில் அனுப்புகிறார், பொறுப்பாளர் பென்டிரைவில் ஏற்றுகிறார்.