பட்டன் போன், பிரீபெய்டு சிம்: கவனிக்காமல் விடும் தவறுகள்

ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு பட்டன் போன் வாங்கி, பிரீபெய்டு சிம்மைப் போட்டுக் கொடுத்தாயிற்று என்றால் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். போன் பெரிதாகத் தொல்லை தராது என்பது உண்மைதான். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் ஓடும். எடுத்து மாட்டினால் மறுபடி பேசலாம். தொல்லை எல்லாம் சிம்மிலும் ரீசார்ஜிலும்தான்.

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. விலையை மட்டும் பார்த்து 2ஜி போனை எடுத்து வந்து, வீட்டில் இருக்கும் ஜியோ சிம்மை அதில் போடுவார்கள். டவரே வராது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) சிம்கள் 2ஜி போனில் ஓடும். ஜியோபாரத் மாதிரியான மலிவு 4ஜி பட்டன் போனில் ஜியோ சிம் மட்டும்தான் ஓடும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று நம்ப வேண்டாம். எந்த சிம் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் போனைத் தேடுங்கள்.

பணம் அதிகமாக வீணாவது ரீசார்ஜில். கடையில் "ஒரு மாசத்துக்குப் போடுங்க" என்றால் பெரும்பாலும் 28 நாள் பேக்தான் விழும். வருடத்துக்கு 12 முறை என்று போட்ட கணக்கு 13 ஆகிவிடும். அதைவிடக் கொடுமை, வாட்ஸ்அப்பே இல்லாத போனுக்கு தினமும் 1.5 ஜிபி டேட்டா பேக் போடுவது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியது. 2025 ஜனவரியிலிருந்து 84 நாளுக்கும், ஏறக்குறைய ஒரு வருடத்துக்கும் அப்படிப்பட்ட பேக்குகள் வந்துவிட்டன. நிறுவனங்களின் ஆப்பில் இவை கண்ணில் படுகிற இடத்தில் இருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வருட பேக்தான் என் சிபாரிசு. மொத்தமாகக் கொடுக்கும்போது கை கொஞ்சம் கடிக்கும், ஆனால் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை இல்லை.

"பத்து ரூபாய் டாப்அப் இருக்கே, வர்ற போன் வந்துட்டுதான் இருக்கும்" என்ற நினைப்பும் இன்னும் பலரை விடவில்லை. அந்தக் காலம் 2018 கடைசியிலேயே முடிந்துவிட்டது. டாப்அப் பணம் கணக்கில் இருந்தாலும் வேலிடிட்டி முடிந்தால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், சில நாளில் இன்கமிங்கும் நிற்கும். அதோடு போகாது. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தர வேண்டும் என்பது விதி. முடக்கிய எண், கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்கோ போய்விடும். பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு எல்லாம் அந்தப் பழைய எண்ணில்தானே இருக்கின்றன? ஓடிபி முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். சில நூறு ரூபாய் ரீசார்ஜை விட்டதற்கு வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைய வேண்டியதுதான்.

ஓடிபி என்றதும் இன்னொன்று. "வங்கியில இருந்து மெசேஜே வரலைப்பா" என்பார்கள். சிம்மும் சரி, டவரும் சரி. திரையின் மூலையில் பார்த்தால் சின்ன உறை ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வந்ததெல்லாம் சேர்ந்து இடத்தை அடைத்திருக்கும். நாலு மெசேஜை அழித்தவுடன் காத்திருந்த ஓடிபி வந்து விழும், நேரம் கடந்த பிறகு. மாதம் ஒருமுறை இன்பாக்ஸைக் காலி செய்து கொடுங்கள். 1909-க்குச் சொல்லி விளம்பர எஸ்எம்எஸ்களையும் நிறுத்தலாம்.

திரையில் திடீரென்று குதிக்கும் செய்திக்கு ஓகே அழுத்துவது, நடு பட்டன் தெரியாமல் பட்டு இன்டர்நெட் திறப்பது, இரண்டும் டாப்அப் பணத்தைத் தின்னும். ராசிபலன், காலர் டியூன் என்று கேட்காத சேவை ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் 155223-க்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று எஸ்எம்எஸ் அனுப்பி நிறுத்துங்கள்.

பட்டன் போனில் ஆப் இல்லை, அதனால் யாரும் ஏமாற்ற முடியாது என்பது தப்புக் கணக்கு. "உங்க சிம் முடங்கப் போகுது, *401* போட்டு இந்த நம்பரை அடிங்க" என்று கூப்பிடுவார்கள். அது கால் ஃபார்வர்டிங். அடித்தால், வரும் அழைப்பெல்லாம், ஓடிபியைச் சொல்லும் அழைப்பு உட்பட, அவர்களுக்குப் போகும். இதனால்தான் இப்படிக் குறியீடு அடித்து ஃபார்வர்டு செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சந்தேகம் வந்தால் ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எண்களைப் போனில் மட்டும் சேமிப்பதும் நல்லதல்ல. போன் தொலைந்தால் எண்களும் போயின. சிம் தொலைந்தால் சிம்மில் இருப்பது போகும். அதனால் முக்கியமான பத்து எண்களை ஒரு காகிதத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவையுங்கள். சிம்முக்குப் போட்ட பின் (PIN) எண்ணை மூன்று முறை தப்பாகப் போட்டால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பக் (PUK) எண்ணைக் கேட்கும். அதை ஊகித்து அடித்துப் பார்க்கவே கூடாது, பத்து முறை தப்பானால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.

கடைசியாக கீபேட் லாக். 2017 முதல் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும் என்று அரசு விதி வைத்தது. ஆபத்துக்கு உதவும் வசதிதான். ஆனால் லாக் போடாமல் சட்டைப்பையில் வைத்தால் சும்மா இருக்கும்போதே அந்த அழைப்பு போய்விடலாம். செட்டிங்ஸில் ஆட்டோ லாக்கை ஆன் செய்து, திறப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை செய்து பார்க்கச் சொல்லிவிட்டு ஊர் திரும்புங்கள்.