உணவகத் தணிக்கை: முதல் முறை போகிறவர்களுக்கு

சுகாதார ஆய்வாளர் படிப்பை முடித்துவிட்டு, மதுரையில் உணவுத் தணிக்கை வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உணவு பாதுகாப்பு அலுவலர் அரசின் ஆள். மாதிரி எடுக்கலாம், சரக்கைப் பறிமுதல் செய்யலாம். தணிக்கை நிறுவனத்தின் ஆட்களான நமக்கு அந்த அதிகாரம் கிடையாது. 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு தணிக்கை நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தர வழி செய்தது. அதற்கான விதிமுறைகள் 2018-இல் வந்தன. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுப்பதே நம் வேலை. நடுநிலை என்பதை நல்ல குணம் என்று நினைக்காதீர்கள், அது வேலைமுறை.

முதல் படி: வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, அந்தக் கடையில் உங்களுக்கு உறவோ பங்கோ உண்டா, முன்பு ஆலோசனை சொன்னீர்களா என்று எழுதிக் கொடுங்கள். ஆலோசனை சொன்னவர் இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே தணிக்கை செய்யக் கூடாது என்கிறது, தணிக்கை செய்து சான்றளிக்கும் நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ 17021 தரநிலை. மதுரையில் தோண்டிப் பார்த்தால் பாதிப் பேர் மாமன் மச்சான்தான். வெட்கப்படாமல் சொல்லிவிட்டால் வேறொருவரை அனுப்புவார்கள்.

இரண்டாம் படி: வெப்பமானியைச் சரிபாருங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முனையை வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். காட்டாத கருவியோடு படியேறாதீர்கள்.

மூன்றாம் படி: வியாபாரம் நடக்கும் நேரத்தில் போங்கள். பரோட்டாக் கடைக்குக் காலை பத்து மணிக்குப் போனால் கழுவிவிட்ட தரைதான் இருக்கும். இரவில் போனால் அடுப்பில் அண்டா கொதிக்கும். மாஸ்டர் அதைத்தான் காட்டுவார். நீங்கள் பார்க்க வேண்டியது பரிமாறுகிற வாளி. சால்னா அதில்தான் ஆறிக்கொண்டிருக்கும். முனை அடியிலோ விளிம்பிலோ படாமல் நடுவில் இறக்கி, எண் நிற்கும்வரை காத்திருங்கள். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்; குளிர்ந்தது 5-க்குக் கீழ். மாஸ்டரையும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். "பரிமாறும் வாளி, 53 டிகிரி, இரவு 8.40" என்று எழுதினால் மறுக்க வழியில்லை, "சால்னா ஆறியிருந்தது" என்று எழுதினால் விடிய விடிய வாதாடுவார்கள். முனையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போங்கள். பொரிக்கிற எண்ணெயையும் விடாதீர்கள்: திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

"வெக்கையாக இருக்கிறது சார், ஒரு ஜிகர்தண்டாவாவது குடியுங்கள்" என்பார் முதலாளி. அன்பாகத்தான் சொல்வார், வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் உங்களுடையதாக இருக்கட்டும். இதைவிட நயமான லஞ்சம் ஒன்று உண்டு: பளபளக்கும் டைல்ஸ். ஏசி உணவகத்தில் நம்மை அறியாமலே கேள்விகளைக் குறைத்துவிடுகிறோம். தள்ளுவண்டிக்காரரிடம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்டீர்களா? அங்கேயும் கேளுங்கள்.

நான்காம் படி: தணிக்கைக் கேள்விப் பட்டியலில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளை முதலில் முடியுங்கள். அவற்றில் ஒன்று தவறினாலும் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் கடை தேறாது. "இதற்கு என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டால் விதி என்ன கேட்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், எந்த பிரிட்ஜ் வாங்கலாம் என்று சொன்ன நொடியில் நீங்கள் ஆலோசகர். மக்கள் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து தெரிந்தால், அறிக்கை தயாராகும்வரை காத்திராமல் உங்கள் தணிக்கை நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது "பாஸா சார்?" என்பார்கள். சான்றிதழ் முடிவை எடுப்பது தணிக்கைக்குப் போகாத வேறொருவர் என்று சொல்லுங்கள்.