சிரிக்கச் சிரிக்க ஒரு கொலை: அரை மணி நேர எபிசோடு எழுதும் முறை

முதலில், சாகப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். நகைச்சுவைக் கொலைக்கதையில் பாதி பிழை இங்கேதான் நடக்கிறது. குழந்தையோ இளம்பெண்ணோ செத்தால் அதற்குப் பிறகு எந்த வசனத்துக்கும் சிரிப்பு வராது. ஊரில் அண்மையில் நடந்த மரணத்தின் சாயல் இருந்தாலும் அப்படித்தான். யாரும் நெடுநேரம் அழாத ஆள் வேண்டும். அதே நேரம், செத்தது நல்லதுதான் என்று பார்ப்பவர் நினைக்கவும் கூடாது. வட்டிக்குக் கொடுக்கும் அறுபது வயதுக்காரர் பொருத்தமானவர். உயிரோடு இரண்டு காட்சிகளில் வந்தால் போதும். பின்மண்டையில் ஓர் அடி, மழை, அவ்வளவுதான். ரத்தம் காட்ட வேண்டாம். சிரிப்பு எப்போதும் உயிரோடிருப்பவர்கள் மேல்தான் விழ வேண்டும், பிணத்தின் மேல் அல்ல.

இந்த வகைத் தொடர்களைப் புதிர் விடுவிக்க மட்டும் யாரும் பார்ப்பதில்லை. 1971-ல் தொடராக வந்த அமெரிக்கத் துப்பறியும் கதை ‘கொலம்போ’வில் கொலைகாரர் யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். இருந்தும் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கசங்கிய கோட்டு போட்ட அந்த ஆள் வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். 1985-ல் தூர்தர்ஷனில் கரம்சந்த் கேரட் கடித்துக்கொண்டே துப்பறிந்தார். இதைப் பார்த்து உங்கள் துப்பறிவாளர் கையில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கம் ஒரு முறையாவது வழக்குக்கு உதவ வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது காட்சியிலேயே சலித்துவிடும்.

களத்தைச் சின்னதாக வையுங்கள். குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளை (தோட்டம்), அதைச் சுற்றி நாலு வீடு. சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர், உண்மைத் துப்பு மூன்று, பொய்த் துப்பு இரண்டு. அரை மணி நேரம் இதற்கு மேல் தாங்காது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் முப்பது பக்கம். மூன்றாம் பக்கத்துக்குள் பிணம் கிடைத்துவிட வேண்டும். கடைசித் துப்பு இருபதாம் பக்கத்தைத் தாண்டக் கூடாது.

இனி முக்கியமான வேலை. நகைச்சுவையை இரண்டு விசாரணைக்கு நடுவே இளைப்பாறும் இடமாக வைக்காதீர்கள். துப்பை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சிரிக்கிற நொடியில் யாரும் கணக்குப் போடுவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர், உள்ளூர் ஏட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி மூன்று பேரையும் ஒரு திண்ணையில் உட்கார வையுங்கள்:

“ராத்திரி பத்து மணிக்கு யாரைப் பாத்தீங்க பாட்டிம்மா?”

“அந்தச் சவந்தான் மக்களே. விளையில டார்ச் அடிச்சிட்டு நின்னுது.”

இன்ஸ்பெக்டரின் பேனா நிற்கிறது. “சவம்... டார்ச் அடிச்சுதா?”

“சார், இங்க உசிரோட இருக்கியவங்களத்தான் சவம்னு ஏசுவாங்க. செத்தா மரியாதை வந்துரும்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டி, ‘இறந்தவர் பத்து மணிக்கு உயிருடன் இருந்தார்’ என்று எழுதிக்கொள்கிறார். நாகர்கோவில்காரர்களுக்கு இது வீட்டுப் பேச்சு, சிரித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். ஆனால் வழக்கின் முடிச்சு ஏட்டு சொன்ன இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. பாட்டி வாக்குமூலம் கொடுக்கும்போது வட்டிக்காரர் செத்து ஒரு நாள் ஆகிவிட்டது. செத்தவரைப் பாட்டி சவம் என்று சொல்லவே மாட்டாள். அப்படியானால் டார்ச்சோடு நின்றது இன்னும் உயிரோடிருக்கும் வேறு யாரோ. அவள் வாயில் அந்தப் பட்டம் யாருக்கு என்பதை நாலாம் பக்கத்திலேயே விதைத்திருக்க வேண்டும்: “எலே சவமே, சேறு மிதிச்ச செருப்பப் படியில கழத்து.” திட்டு வாங்குவது பேரன். அந்தக் காட்சி செருப்பைப் பற்றியதாகத் தெரிய வேண்டும், சொல்லைப் பற்றியதாகத் தெரியக் கூடாது.

இதே பேரனைப் பிடிக்க இரண்டாவது துப்பு ரப்பர். “ஒம்பது மணிக்கே படுத்துட்டேன் சார், விடியக்காலம் நாலு மணிக்குப் பால் வெட்டணும்லா. வெட்டிட்டுத்தான் வாறேன்” என்கிறான். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் நேரம் சரி. ஆனால் அன்று இரவு முழுக்க மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும், சிரட்டையில் மழைத்தண்ணீரும் கலக்கும். மழைக்காலத்தில் வெட்டு நனையாமல் காக்கும் பிளாஸ்டிக் பாவாடை கட்டாத மரத்தில் அன்றைக்குக் கத்தி வைக்க மாட்டார்கள். மழை பெய்ததை யாரும் செய்தியாகச் சொல்ல வேண்டாம். கொடியில் மறந்துவிட்ட புடவைக்காக ஓர் அத்தை ஒப்பாரி வைத்தால் போதும். மரத்தில் பாவாடை இல்லை என்பதையும் பன்னிரண்டாம் பக்கத்துக்குள் ஒரு முறை கேமரா பார்த்துவிட வேண்டும். இதை விட்டால், விவரம் தெரிந்த குமரிக்காரர் “பாவாடை கெட்டியிருந்தா வெட்டலாமே” என்று உங்கள் கதையை அங்கேயே கொன்றுவிடுவார். மூன்றாவது துப்பு டார்ச்சாக இருக்கட்டும். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பொய்த் துப்புக்கு ஒரு விதி: பொய் சொன்னவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன வெட்கக்கேடு இருக்க வேண்டும். சாயங்காலம் கரண்ட் இல்லாத நேரத்தில் மிக்ஸியில் தேங்காய் அரைத்தேன் என்று அதே அத்தை சொல்கிறாள். சந்தேகம் அவள் மேல் திரும்புகிறது. கடைசியில் பார்த்தால், ஊரே புகழும் அவளுடைய மீன் புளிமுளம் ஓட்டலில் வாங்கியது. அந்த ரகசியத்தைக் காக்க அவள் கொலைப்பழியையே ஏற்கத் தயார். காரணமில்லாமல் பொய் சொல்லும் பாத்திரம் வந்தால், எழுதியவர் ஏமாற்றுகிறார் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

விசாரணை விவரங்களில் விளையாடாதீர்கள். சந்தேக மரணம் என்றவுடன் பழக்கதோஷத்தில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ‘174’ என்று எழுதும் கை நிறைய உண்டு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வந்துவிட்டது. (பழைய எண்ணையே சொல்லித் திருத்தப்படும் ஏட்டு நல்ல சிரிப்புக்கு ஆவார்.) உடல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகட்டும், ஆனால் டாக்டர் வாயில் ‘இரவு 10.17’ என்று வைக்காதீர்கள். உடல் விறைப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடைப் பக்கம் தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் முழுதாகும். வெக்கையில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகும். அதனால் அவரால் ‘எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள்’ என்றுதான் சொல்ல முடியும். உங்களுக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான். அது இல்லாவிட்டால் பாட்டியின் வாக்குமூலத்துக்கு மதிப்பே இல்லை.

எழுதி முடித்ததும் கதை தெரியாத நாலு பேரை உட்கார வைத்து உரக்க வாசியுங்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரர் பெயரை எழுதச் சொல்லுங்கள். நாலு பேரும் பேரனை எழுதினால் துப்பு கத்துகிறது. ஒருவரும் எழுதாமல், முடிவைக் கேட்ட பிறகும் ஏட்டின் வசனம் யாருக்கும் நினைவில்லை என்றால் துப்பு முனகுகிறது. ஒருவர் எழுதி, மற்ற மூவரும் “அட, அப்பவே சொன்னாம்லா” என்று தலையில் அடித்துக்கொண்டால் கை வைக்க வேண்டாம். துப்பு கத்தினால், ஏட்டின் இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். காட்சியில் கடைசியாகக் கேட்ட சொல்தான் காதில் தங்கும். மரியாதை முன்னால் போய், ஏசுவது பின்னால் வந்தால் சிரிப்பு அப்படியே இருக்கும், துப்பு ஒரு படி அடங்கும்.