லினக்ஸில் இசை மென்பொருள்: எழுத்தும் ஒலியும் தகராறு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் பாடல் வரிகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன, ஒலியும் வரவில்லை என்று சொல்லி, நண்பர் ஒருவர் சென்ற வாரம் டெபியன் என்ற லினக்ஸ் வகை நிறுவிய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். முனையத்தில் அவர் தட்டிய முதல் சொல், நிர்வாகி அதிகாரத்துடன் கட்டளையை இயக்கும் 'சுடோ' (sudo) என்பதைக் கண்டதும், 2017-இல் நான் வீணாக்கிய ஒரு வார இறுதி நினைவுக்கு வந்தது. ஒலி முடக்கப்பட்டிருப்பது, ஹெட்போன் சரியாகச் செருகப்படாதது போன்றவற்றை எவரும் தாமே கண்டுகொள்வர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுடோ போட்டுத் திறப்பது

நண்பரின் இரு கோளாறுகளுக்கும் அந்த ஒரு சொல்லே காரணம். தமிழ் எழுத்துருவை அவர் தம் இல்லக் கோப்புறையில் வைத்திருந்தார். ரூட் (நிர்வாகி) பயனராகத் திறக்கப்பட்ட மென்பொருளோ ரூட்டின் கோப்புறையில் அதைத் தேடியது. பைப்வயர் ஒலிச் சேவையும் பயனரின் அமர்வுக்குள் ஓடுவதால், ரூட்டால் அதனுடன் இணைய முடியவில்லை. சுடோ இல்லாமல் திறந்தவுடன் வரிகளும் தெரிந்தன, ஒலியும் வந்தது.

என் கதை இதைவிட மோசம். குறைந்த தாமதத்தில் ஒலியைக் கடத்தும் சேவையான ஜாக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை (செயலியை உடனுக்குடன் பயன்படுத்தும் உரிமை) கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையைப் போக்க, ஒலி மென்பொருள்கள் அனைத்தையும் சுடோவுடன் ஓட்டினேன். நான் வைத்திருந்த லினக்ஸ் வகையான உபுண்டுவின் 19.10-க்கு முந்தைய பதிப்புகளில் சுடோவும் பயனரின் இல்லக் கோப்புறையையே பயன்படுத்தியதால், ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிட, மறுநாள் அது தன் கோப்புறையையே திறக்க முடியாமல் நின்றுவிட்டது. ஒலிக் கருவிப் பட்டியலில் 'டம்மி அவுட்புட்' (பெயரளவிலான வெளியீடு) மட்டுமே இருந்தது. நானோ இயங்குதளத்தையே மீண்டும் நிறுவினேன்! கோப்பு விவரங்களைக் காட்டும் 'எல்எஸ் -எல்' (ls -l) என்று தட்டியிருந்தால் உரிமையாளர் இடத்தில் 'ரூட்' என்று தெரிந்திருக்கும். உரிமையாளரை மாற்றும் 'சௌன்' (chown) கட்டளை ஒன்றே அதைச் சரிசெய்திருக்கும்.

முறையான வழி வேறு. டெபியனில் ஜாக் நிறுவும்போது நிகழ்நேர முன்னுரிமை வேண்டுமா என்று கேட்கும் கேள்விக்கு 'ஆம்' என்று விடையளித்து, 'ஆடியோ' குழுவில் பயனரைச் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, மாற்றம் பலிக்கவில்லை என்று சொல்லிச் சுடோவுக்கே திரும்பிவிடுகின்றனர்.

பாமினியை நம்புவது

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய வரிகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அது குறியாக்கக் கோளாறு. நோட்டோ, லோஹித் போன்ற யூனிகோடு எழுத்துருக்களை நிறுவிப் பயனில்லை. யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

இடையகத்தை மிகவும் சுருக்குவது

இடையகம் என்பது ஒலி மாதிரிகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம். 48,000 ஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் வைத்தால் தாமதம் ஏறத்தாழ 5.3 மில்லி விநாடி. 64 என்றால் 1.3. வாசித்துப் பதியும்போது குறைக்கலாம். கலவை செய்யும்போது 1024 வைத்தால், மிகவும் சுருக்குவதால் எழும் வெடிப்பொலி அடங்கும்.

பைப்வயரோடு ஜாக்கையும் தனியே ஓட்டுவது

வேண்டாம். ஒலி அட்டை ஒன்றுதான், இரண்டும் அதற்காகப் போட்டியிடும்.